செம்மணல் தேரியில் மூன்று நாட்கள்

(மூன்றாம் ஆண்டு, புவியியல் துறை)

பாலைவனம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன ராஜஸ்தானத்துத் தார் பாலைவனமும், ஆப்பிரிக்காவின் சகாராவுமே. ஒட்டகம், பேரீச்சை, கானல் நீர் ஆகியவற்றைப் பள்ளிப் பாடநூலில் படித்ததோடு சரி. ஆனால் தமிழ்நாட்டிலேயே, நம் தேவதானப்பட்டியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேலென்ற மணல்மேடுகள் பரந்து கிடக்கும் நிலப்பரப்பு ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் தேரிக்காடுதான் அது.

2024ஆம் ஆண்டு ஆயுத பூசை, விஜயதசமி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. நண்பர்கள் ஐவர் அத்தேரிக்குச் சென்று ஓர் இரவு தங்கி வந்தோம். புறப்படும்போது எங்களிடம் இருந்தது உல்லாசப் பயண எண்ணம் மட்டுமே. திரும்பும்போது கொண்டுவந்தது வேறு. நாங்கள் கண்டதையும், செய்த தவற்றையும், அதன் வழியே கற்றதையும் இங்கே எழுதுகிறேன். இனிச் செல்ல விரும்பும் மாணவ நண்பர்களுக்கு இது பயன்படுமானால் மகிழ்வேன்.

தேரி பாலைவனமா?

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புவியியலார் பாலைவனத்தை வெப்பத்தைக் கொண்டு அளப்பதில்லை. மழையைக் கொண்டே அளக்கின்றனர். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பர். அதனால்தான் பனி மூடிய அண்டார்ட்டிகாவும் பாலைவனப் பட்டியலில் இடம் பெறுகிறது. தூத்துக்குடி மாவட்டமோ ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. எனவே இலக்கணப்படி தேரி பாலைவனம் அன்று, மணல்மேட்டு நிலம்.

நம் முன்னோரும் இதை ஒருவாறு உணர்ந்திருந்தனர் போலும். தொல்காப்பியம் நிலத்தை நான்காகவே பகுத்தது. பாலைக்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று, நிலம் அடைகின்ற ஒரு நிலை என்பதே இதன் பொருள். இக்கருத்தை நான் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். தேரியில்தான் அதன் பொருள் விளங்கியது.

செம்மணல் பிறந்த கதை

தேரி மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் குங்குமத்தையும் செங்கற்பொடியையும் கலந்தது போலிருக்கும். அம்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் வெண்கல் துகள்களே. ஒவ்வொரு துகளின் மீதும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் சிவப்பு நிறம் பெறுகிறது. இடையிடையே இல்மனைட், கார்னெட் முதலிய கனிமங்களும் கலந்துள்ளன.

இம்மணலை இங்குக் குவித்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நுழைந்து வேகம் கொள்கிறது. நம் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே பருவக்காற்றுதான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று மழையை மலைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே கடல் நோக்கி வீசுகிறது. வழியிலுள்ள செம்மண்ணை அது அரித்துக்கொண்டு வந்து கரையோரம் சேர்த்தது என்பர் ஒரு சாரார். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது வெளிப்பட்ட கடலடி மணலும் இதில் சேர்ந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் தேரி பல்லாயிரம் ஆண்டு வயதுடையது என்பதில் ஐயமில்லை.

அதற்குக் கல்லிலே சான்று உண்டு. தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழில் விரிவாக எழுதினர். விரல் நுனியளவே உள்ள அக்கற்கருவிகளைச் செய்து வேட்டையாடிய மக்கள், உழவு தோன்றும் முன்னரே அம்மேடுகளில் தங்கியிருந்தனர். ஆகவே தேரியில் கூடாரமடித்துத் தங்கிய முதல் நண்பர் குழு எங்களுடையதன்று!

புறப்பாடு

எங்களுள் ஒருவனின் சித்தப்பாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. நம் பக்கத்து ஜீப்புகளின் தொழிலை நான் சொல்ல வேண்டியதில்லை: விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்வதும், மாலையில் இறக்கி விடுவதும். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மஞ்சளாற்றங்கரை மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் அடைத்த கதவுக்கு முன் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக இரவு திருச்செந்தூரை அடைந்து அங்கே தங்கினோம்.

மறுநாள் காலை காயாமொழி வழியாகத் தேரிக்குள் நுழைந்தோம். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக் காடு. அனுமதியின்றி அங்கே தங்கக் கூடாது. ஆதலால் நண்பன் ஒருவனின் உறவினருக்குச் சொந்தமான பனை விளை ஒன்றில் தங்க முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். அவ்வட்டாரத்தில் மேட்டுநிலத் தோட்டத்தை ‘விளை’ என்பர். ஊர்ப்பெயர்கள் பலவும் விளை என்றே முடிகின்றன.

தேரி வெறும் மணலாக இருக்கும் என்று எண்ணிச் சென்ற எங்களுக்கு முதல் வியப்பு அதன் பசுமை. பனை வரிசை வரிசையாக நிற்கிறது. குடை விரித்தாற்போல உடைமரங்கள். முந்திரியை அங்கே கொல்லாமரம் என்கின்றனர்; அதன் கிளைகள் மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கின்றன. இவற்றிற்கு இடையே ஓரோர் இடத்தில் மரமே இல்லாத செம்மேடுகள். திரைப்படக் காட்சிகளில் நாம் காண்பவை அம்மேடுகளே.

மணலில் சிக்கிய ஜீப்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. அது ஆற்றுக்கு மட்டும் சொன்னதன்று என்பதை அன்று பிற்பகல் அறிந்தோம்.

விளைக்குச் செல்லும் வண்டித்தடத்தில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம். வலப்புறம் ஒரு மேடு தெரிந்தது. “மாப்ள, குமுளி ரோட்டுலயே ஏறுற வண்டிடா இது, இந்த மேடு ஏறாதா?” என்றான் ஓட்டிய நண்பன். யாரும் தடுக்கவில்லை. தடத்தை விட்டு விலகி ஜீப் மணலில் பாய்ந்தது. இருபது அடி ஏறியிருக்கும். பின் சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. விசையைக் கூட்டக் கூட்டச் சக்கரங்கள் தமக்குத் தாமே குழி பறித்துக்கொண்டன. அச்சு வரை புதைந்தபோதுதான் நிறுத்தினோம்.

இதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. 20 லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் கொண்டு சென்றிருந்தோம். அதில் ஒன்றை முகம் கழுவியும் பாத்திரம் துலக்கியும் ஏற்கெனவே தீர்த்திருந்தோம். இரண்டாவதில் பாதிக்கு மேல் ரேடியேட்டர் குடித்தது. மணி நான்கு. ஐந்து பேருக்கு எஞ்சியது எட்டு லிட்டருக்கும் குறைவு. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அதுவரை இருந்த சிரிப்பும் பாட்டும் அடங்கிவிட்டன.

சக்கரத்தின் அடியில் எதையாவது போட்டால் பிடிமானம் கிடைக்கும் என்று தோன்றியது. அருகில் முழங்கால் உயரத்தில் கொல்லாங்கன்றுகள் சில நின்றன. அவற்றில் இரண்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து போட்டேன். ஆம், பிடுங்கியவன் நானே.

அப்போதுதான் விளையைக் காவல் காக்கும் பெரியவர் சத்தம் கேட்டு வந்தார். ஐம்பது ஆண்டுகள் பனையேறியவர். ஜீப்பை அவர் பார்க்கவேயில்லை. என் கையில் இருந்த கன்றைத்தான் பார்த்தார்.

“எய்யா, வண்டி இன்னைக்கு இல்லாட்டா நாளைக்கு வெளிய வந்துரும். இது வருமா?” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். “மன்னிச்சிருங்க ஐயா” என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை.

பிறகு அவரே வழி சொன்னார். விளையில் குவித்திருந்த காவோலைகளை, அதாவது காய்ந்த பனையோலைகளை, நால்வர் சுமந்து வந்தோம். சக்கரங்களுக்கு முன்னிருந்த மணலைக் கையால் அள்ளிச் சரிவாக்கினோம். நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தோம். ஓலையைப் பரப்பி, மெல்ல, விசையைக் கூட்டாமல், வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தோம். ஐந்தே நிமிடத்தில் ஜீப் வண்டித்தடத்தில் நின்றது.

காற்றைக் குறைத்தால் வண்டி ஏன் வெளிவருகிறது?

இதன் காரணம் மிக எளிது. சக்கரத்தின் உள்ளே உள்ள காற்றழுத்தமும், அது தரையை அழுத்தும் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. காற்றைப் பாதியாக்கினால் டயர் சப்பையாகித் தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகும். அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால் மணல் தாங்குகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதத்தில் இயற்கை வைத்த தந்திரம் இதுவே. ஆனால் தார்ச்சாலையை அடையுமுன் காற்றை மறுபடி நிரப்பிவிட வேண்டும். சப்பையான டயரில் வேகமாக ஓட்டினால் அது சூடாகி வெடிக்கக்கூடும். ஒரு கால் பம்பினால் நான்கு டயரையும் நிரப்ப எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று!

ஊர் திரும்பியபின் இதைப் பற்றி நூலகத்தில் தேடியபோது ரால்ப் பாக்னோல்டு என்பவரின் வரலாறு கிடைத்தது. எகிப்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரி அவர். 1920களின் பிற்பகுதியில் தம் விடுமுறை நாட்களில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சாதாரண போர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் சென்று தங்கி வருவது அவர் வழக்கம். மணலுக்கேற்பக் காற்றைக் குறைப்பதும், புதைந்த சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடுகளை இடுவதும், கொதிக்கும் ரேடியேட்டரின் நீராவியை ஒரு தகர டப்பாவில் குளிரவைத்து மீண்டும் நீராக்குவதும் அக்குழு கையாண்ட முறைகள். அவர் இரும்புத் தகட்டைப் பயன்படுத்தினார்; எங்கள் பெரியவர் காவோலையைப் பயன்படுத்தினார். தத்துவம் ஒன்றே.

பாக்னோல்டு உல்லாசத்தோடு நின்றுவிடவில்லை. மணல் எப்படி நகர்கிறது என்று காற்றுக் குகை அமைத்து ஆராய்ந்து 1941இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்றளவும் அத்துறைக்கு அதுவே அடிப்படை நூல். செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த மணல்மேடுகளுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

அவர் கண்டறிந்தது இது: மணல் தூசியைப் போல வானில் பறப்பதில்லை, தத்தித் தத்திச் செல்கிறது. காற்றால் எழும்பிய ஒரு துகள் சற்றுத் தூரம் தாவி விழுந்து, விழுந்த இடத்தில் வேறு துகள்களைக் கிளப்பிவிடுகிறது. இவ்வோட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்துக்குள்ளேயே நிகழ்கிறது. ஆகவே முழங்கால் உயரமே உள்ள ஒரு செடி, தன்னைச் சுற்றிலும் காற்றின் வேகத்தைக் குறைத்து, மேடு முழுவதற்கும் அணையாகிறது. நான் பிடுங்கிய கன்றின் உயரமும் அதுதான்.

மணலுக்குள் நீர்

அன்று மாலை எங்கள் தண்ணீர்க் கவலையைச் சொன்னோம். பெரியவர் சிரித்தார். “தேரில தண்ணி இல்லன்னு யாருய்யா சொன்னது?” என்று மேட்டின் மறுபுறத் தாழ்வுக்கு அழைத்துச் சென்றார். ஓலையால் மூடிய ஓர் ஊற்றுக்குழி அங்கே இருந்தது. இடுப்பளவு ஆழம். அடியில் தெளிந்த நீர். அள்ளிக் குடித்தபோது உப்புக் கரிக்கவில்லை.

கடலுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு வறண்ட மணலில், நன்னீர் எப்படி வந்தது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை தேரியில் ஓடையாக ஓடுவதில்லை; விழுந்த இடத்திலேயே மணல் உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் கெட்டியான அடுக்கு தடுக்கும் இடத்தில் அந்நீர் தேங்குகிறது. மேலேயுள்ள மணல் காய்ந்துவிட்டால், துகள்களுக்கு இடையே உள்ள வெளி அகலமாதலால், அடியிலுள்ள ஈரம் மேலேறி ஆவியாவது குறைகிறது. அதாவது காய்ந்த மேல்மணலே குளத்துக்கு மூடி. நம் மஞ்சளாற்று அணையில் நீரைக் கண்ணால் காண்கிறோம். தேரியும் ஓர் அணைதான். கரையும் மூடியும் மணலாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மறுநாள் காலை மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குச் சென்றோம். செம்மணலின் நடுவே மரங்கள் அடர்ந்த சோலையும் சுனையும் உள்ளன. சுனையைக் காப்பவர் என்றே தெய்வத்துக்குப் பெயர்! தேரியிலேயே உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதத்தில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடைபெறும்; அதன்பின் அடியார்கள் தேரி மணலையே பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துச் செல்வர். நீரையும் மணலையும் தெய்வமாக்கிய மக்கள் அவற்றின் மதிப்பை அறியாதவர் அல்லர்.

2007ஆம் ஆண்டு சாத்தான்குளம் வட்டாரத் தேரி மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் ஆலைக்குத் தமிழக அரசும் டாட்டா ஸ்டீல் நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. நிலமும் நீரும் கைவிட்டுப் போகும் என்று மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆலை வேண்டுமா, வேண்டாமா என்பது பெரியோர் ஆராய வேண்டிய பொருள். ஆனால் தேரியை வெறும் தரிசு என்று எண்ணுவோர் அந்த ஊற்றுக்குழியை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பேன்.

தேரியில் ஓர் இரவு

சூரியன் மறைந்ததும் மணல் விரைவாகக் குளிர்ந்தது. பகலில் கால் வைக்க முடியாத மணலில் இரவில் போர்வை தேவைப்பட்டது. உலர்ந்த மணல் வெப்பத்தை மேற்பரப்பிலேயே வாங்கி, தெளிந்த வானத்துக்கு விரைவில் திருப்பிவிடுவதே காரணம். காவோலைத் தீயில் சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்தோம். பெரியவர் உடன்குடிக் கருப்பட்டியில் காப்பி போட்டுத் தந்தார்.

தசமி நிலவு நள்ளிரவைத் தாண்டி மறைந்தபின் விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. அவ்வேளையில் பெரியவர் தம் தகப்பனார் சொன்ன கதையைச் சொன்னார். முன்காலத்தில் ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து விளைகளை மூடுமாம். இரவில் படுத்து விடியலில் எழுந்தால் வாசலில் மணல் ஏறியிருக்குமாம். பனையும் கொல்லாமரமும் நட்ட பிறகே மணல் நின்றது என்றார். எங்களில் எவனும் அதன்பின் பேசவில்லை.

செல்வோர் கவனத்திற்கு

தேரிக்குச் செல்ல விரும்பும் நண்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்க. ஆனி முதல் ஆவணி வரை மணற்காற்று கடுமையாக இருக்கும். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. காப்புக் காட்டில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். தனியார் விளையானால் உரிமையாளரின் இசைவு வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் குடிநீர் தனியே வைக்க வேண்டும். வண்டிக்கான நீர் அதில் சேராது. மண்வெட்டியும் கால் பம்பும் இன்றியமையாதன. சக்கரம் சுழன்றால் உடனே நிறுத்துக. எல்லாவற்றிலும் தலையாயது: வண்டித்தடத்தை விட்டு விலகாதீர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் அமெரிக்கப் படையினர் கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் டாங்கி ஓட்டிப் பழகினர். அத்தடங்கள் பல பத்தாண்டுகள் கழிந்தும் மறையாமல் இருக்கின்றன. பாலை நிலம் எளிதில் காயப்படும், மெதுவாகத்தான் ஆறும்.

முடிவுரை

ஞாயிறன்று புறப்படும் முன் பெரியவருக்குச் சிறிது பணம் கொடுக்க முயன்றோம். வாங்க மறுத்துவிட்டார். மரத்தடியில் குவிந்து கிடந்த பனங்கொட்டைகளைக் காட்டினார். “மழை வர்ற நேரம். நீங்க உழுத இடத்துலயே போட்டுட்டுப் போங்க” என்றார். ஜீப் சக்கரம் கீறிய இரு தடங்களிலும் சாண் ஆழக் குழி பறித்து நாற்பது கொட்டைகளை நட்டோம். பிடுங்கிய கன்றுகளையும் ஊற்று நீர் ஊற்றி நட்டு வைத்தேன். அவை பிழைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பனை பாளை விட எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்போது நாங்கள் எங்கெங்கோ இருப்போம். அந்த நாற்பதில் நான்காவது நின்றால், இரண்டு கன்றுகளுக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும். முல்லை திரிந்தால் பாலை ஆகும் என்று நூல்கள் சொல்கின்றன. பாலையை மறுபடி முல்லையாக்க நூல்கள் வழி சொல்லவில்லை. அந்தப் பனையேறி சொன்னார்.